பாய்லர் வெடிக்கிறப்ப உண்மையில வெடிக்கிறது தண்ணி

பாய்லர் வெடிச்சதுன்னு கேள்விப்பட்டா எல்லாரும் நினைக்கிறது ஒண்ணுதான், உள்ள நீராவி அளவுக்கு மீறி சேர்ந்துருக்கும், தாங்காம வெடிச்சிருக்கும்னு. அது பாதிதான் சரி. தகட்டை கிழிக்கிறது வேணா நீராவியோட அழுத்தமா இருக்கலாம், ஆனா கிழிஞ்சதுக்கப்புறம் கட்டடத்தையே தரைமட்டமாக்குறது, டன் கணக்குல இருக்குற இரும்பை கூரையை பிச்சிக்கிட்டு மேல அனுப்புறது, இதெல்லாம் பெரும்பாலும் அடியில அமைதியா கிடந்த தண்ணியோட வேலை.

எப்படின்னா, சாதாரணமா தண்ணி 100 டிகிரியில கொதிக்கும். மூடி வச்சு அழுத்தத்தை ஏத்தினா கொதிநிலையும் கூடவே ஏறும், காற்றோட அழுத்தத்தை விட பத்து மடங்கு அழுத்தத்துல தண்ணி சுமார் 180 டிகிரி வரைக்கும் தண்ணியாவே இருக்கும். இப்ப தகடு கிழிஞ்சு அழுத்தம் திடீர்னு இறங்கிடுச்சுன்னு வச்சுக்குங்க, 180 டிகிரியில இருக்குற அந்த தண்ணி தண்ணியா இருக்கவே முடியாது. 100 டிகிரிக்கு இறங்கியாகணும், மிச்ச சூட்டை எங்கயாவது கொட்டியாகணும், அதை கொட்டுறதுக்கு இருக்குற ஒரே வழி தன்னோட ஒரு பகுதியை ஆவியாக்குறது. கணக்கு போட்டா கிட்டத்தட்ட 15 சதவீத தண்ணி நொடி நேரத்துல ஆவியாகுது. அந்த அழுத்தத்துல ஒரு கன மீட்டர் நீராவியோட எடை வெறும் 5 கிலோ. அதே ஒரு கன மீட்டர் இடத்துல இருக்குற சூடான தண்ணி, விட்டா 130 கிலோவுக்கு மேல நீராவியை கக்கும், அது விரிஞ்சா 200 கன மீட்டருக்கு மேல இடம் கேக்கும். அதனாலதான் பாய்லர்ல "எவ்ளோ அழுத்தம்"ங்கிற கேள்விக்கு சமமான கேள்வி "எவ்ளோ தண்ணி".

ஆரம்பத்துல இந்த பயம் ரொம்ப பேருக்கு இல்ல, ஏன்னா ஜேம்ஸ் வாட் காலத்து என்ஜின்கள் காற்றழுத்தத்துக்கு கொஞ்சம் மேல இருக்குற நீராவியிலதான் ஓடுச்சு. உயர் அழுத்தம் ஆபத்துன்னு வாட் கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு (அதுல வியாபாரமும் கொஞ்சம் கலந்து இருந்துச்சுன்னுதான் எனக்கு தோணுது). ரிச்சர்ட் ட்ரெவிதிக்ங்கிற இன்னொரு இங்கிலாந்து என்ஜினியர் அதை கேக்கல. என்ஜின் சின்னதாகணும், சக்கரம் மாட்டி ஓட்டணும்னா அழுத்தம் ஏறியே ஆகணும்னு ஏத்தினாரு. 1803-ல லண்டன் பக்கத்துல கிரீனிச்ல அவரோட ஒரு என்ஜின் வெடிச்சு நாலு பேர் செத்தாங்க. அதை பாத்துக்க வேண்டிய பையன் விலாங்கு மீன் பிடிக்க போயிட்டான், ஒரு கூலியாளை பாத்துக்க சொல்லிட்டு. என்ஜின் வழக்கத்தை விட வேகமா ஓடுதேன்னு அந்த ஆள் அதை நிறுத்திட்டாரு, ஆனா சேஃப்டி வால்வோட (அழுத்தம் மீறினா தானா திறந்து நீராவியை வெளிய விடுற வால்வு) லிவரை அழுத்தி பிடிச்சிருந்த ஸ்பேனரை எடுக்கல. அடுப்பு எரிஞ்சுக்கிட்டே இருக்கு, என்ஜின் நின்னதால நீராவியை செலவு பண்ண ஆளில்ல, வால்வும் திறக்காது. கொஞ்ச நேரத்துல வார்ப்பிரும்பு பாய்லர் சிதறிடுச்சு. வாட் கம்பெனிக்காரங்க இதை ஊர் பூரா சொல்லி தன்னை ஒழிக்க பாக்குறாங்கன்னு ட்ரெவிதிக் புலம்பி லெட்டர் எழுதினாரு, ஆனா பாடத்தையும் எடுத்துக்கிட்டாரு: அதுக்கப்புறம் ரெண்டு சேஃப்டி வால்வு, அதோட தண்ணி மட்டம் இறங்கினா உருகி வழி விடுற ஒரு ஈய பிளக்கு.

சேஃப்டி வால்வு ஒண்ணும் அப்ப புதுசு இல்ல, 1679-லயே டெனி பப்பான்ங்கிற ஃபிரெஞ்சு விஞ்ஞானி தன்னோட டைஜெஸ்டர்ங்கிற மூடின பாத்திரத்துல வச்சிருந்தாரு, இன்னிக்கு கிச்சன்ல இருக்குற பிரஷர் குக்கருக்கு தாத்தான்னு அதை சொல்லலாம். பிரச்சனை என்னன்னா கையால தொடக்கூடிய வால்வை கையாலயே கெடுக்கவும் முடியும். 1831 ஜூன்ல அமெரிக்காவோட தென் கரோலினாவுல "பெஸ்ட் ஃப்ரெண்ட் ஆஃப் சார்ல்ஸ்டன்"ங்கிற ரயில் என்ஜின்ல நீராவி வெளிய வர்ற சத்தம் பிடிக்காம ஃபயர்மேன் (அடுப்பை பாத்துக்குற ஆள்) வால்வை அழுத்தி மூடிட்டாருன்னு சொல்றாங்க, பாய்லர் வெடிச்சு அவரே செத்துட்டாரு. பயணிகள் பயந்துடுவாங்கன்னு கம்பெனி அடுத்து பண்ண வேலை, என்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவுல பஞ்சு மூட்டை அடுக்கின ஒரு வண்டியை கோத்து விட்டது! ரொம்ப வருஷம் கழிச்சு 1850-கள்ல இங்கிலாந்துல ஜான் ராம்ஸ்பாட்டம் ஒரு வால்வை டிசைன் பண்ணாரு, ரெண்டு வால்வுக்கு நடுவுல ஒரே ஸ்பிரிங், ஒண்ணை அழுத்தினா இன்னொண்ணு திறந்துக்கும். ஆளை திருத்த முடியாதுன்னு முடிவு பண்ணி வால்வை திருத்தின ஆளு, எனக்கு ரொம்ப பிடிச்ச டிசைன் அது.

அமெரிக்க நதிகள்ல நிலைமை இன்னும் மோசம். படகுக்கு படகு ரேஸ், வால்வு மேல எக்ஸ்ட்ரா வெயிட்டு. 1838 ஏப்ரல்ல சின்சினாட்டி பக்கத்துல "மோசல்"ங்கிற படகு ஆளேத்த நின்னப்பவும் அழுத்தத்தை குறைக்காம பிடிச்சு வச்சிருந்தாங்க, கிளம்பி சக்கரம் திரும்பின உடனே பாய்லர்கள் வெடிச்சு 100 பேருக்கு மேல காலி. அந்த காலத்துல இதுக்கெல்லாம் மக்கள் சொன்ன காரணங்கள் சுவாரஸ்யமானது, உள்ள மின்சாரம் உருவாகுது, இல்லன்னா பழுக்க காய்ஞ்ச இரும்புல பட்டு தண்ணி பிரிஞ்சு ஹைட்ரஜன் வருது, அது பத்திக்குதுன்னு. பிலடெல்பியாவுல இருக்குற ஃபிராங்க்ளின் இன்ஸ்டிட்யூட்டுக்கு அமெரிக்க அரசாங்கம் 1830-கள்ல பணம் குடுத்து இதை ஆராய சொல்லுச்சு, அந்த அரசாங்கம் அறிவியல் ஆராய்ச்சிக்கு குடுத்த முதல் பணம்னு அதை சொல்வாங்க. அவங்க நிஜமாவே பாய்லர்களை சூடாக்கி வெடிக்க வச்சு பாத்து, ஹைட்ரஜன் கதையெல்லாம் இல்ல, குறைஞ்ச தண்ணியும் மோசமான தகடும் கெட்டுப்போன வால்வும்தான் காரணம்னு எழுதினாங்க. சட்டம் 1838-ல ஒண்ணு வந்துச்சு, பல்லு இல்லாத சட்டம். 1852-ல வந்ததுதான் உருப்படி, அதுல இன்ஸ்பெக்டர், லைசென்ஸ் வாங்கின என்ஜினியர், அப்புறம் ஹைட்ராலிக் டெஸ்ட் எல்லாம் கட்டாயம் ஆச்சு.

இந்த ஹைட்ராலிக் டெஸ்ட் எதுக்கு பச்சத்தண்ணியில பண்றாங்கன்னு யோசிச்சா மேல சொன்ன விஷயம் இன்னும் நல்லா புரியும். பாய்லரை முழுக்க பச்சத்தண்ணியால நிரப்பி, ஓடுற அழுத்தத்தை விட அதிகமா பம்ப் பண்ணுவாங்க. தகடு கிழிஞ்சா கூட கொஞ்சம் தண்ணி பீச்சும், அழுத்தம் டப்புன்னு இறங்கிடும், அவ்ளோதான், ஏன்னா பச்சத்தண்ணி ஆவியாகாது, அழுத்தினாலும் பெருசா சுருங்காது, அதுல சேமிச்ச சக்தி ரொம்ப கம்மி. அதே அழுத்தத்துல சூடான தண்ணி இருந்திருந்தா டெஸ்ட் பண்ணவங்க எடுத்த ரீடிங்கை எழுத உயிரோட இருந்திருக்க மாட்டாங்க.

சட்டம் இருந்தும் 1865-ல "சுல்தானா" நடந்துச்சு. உள்நாட்டு போர் முடியுற நேரம், சிறை முகாம்ல இருந்து விடுதலையான வடக்கத்தி சிப்பாய்களை ஏத்திக்கிட்டு மிசிசிப்பியில மேல போன படகு, 376 பேர் போகலாம்னு அனுமதி, ஏறினது 2,000-க்கு மேல. தலைக்கு இவ்வளவுன்னு அரசாங்கம் காசு குடுத்ததால எல்லாருக்கும் அவசரம். விக்ஸ்பர்க்ல ஒரு பாய்லர்ல தகடு புடைச்சு கசிஞ்சப்ப முழுசா மாத்தாம, பழைய தகட்டை விட மெலிசான ஒரு ஒட்டு போட்டு கிளப்பிட்டாங்க. ஆத்து தண்ணியில சேறு, அது பாய்லருக்குள்ள சூடான புகை போற குழாய்களை சுத்தி படிஞ்சா அந்த இடத்துல சூடு தண்ணிக்கு போகாது, இரும்புலயே தங்கிடும். இன்னொரு விஷயமும் சொல்றாங்க, மேல ஆள் கனம் அதிகம், படகு ஒரு பக்கம் சாயுறப்ப பாய்லர்கள் ஒண்ணோட ஒண்ணு குழாயால சேர்ந்திருந்ததால தண்ணி தாழ்ந்த பக்கத்துக்கு ஓடிடும், உசந்த பக்கத்து பாய்லர் வறண்டு காயும், திரும்ப சாயுறப்ப அந்த சூட்டுல தண்ணி வந்து விழும். ஏப்ரல் 27, விடிகாலை ரெண்டு மணி, மெம்பிஸ் தாண்டி வெள்ளமா ஓடுற ஆத்துல நாலு பாய்லர்ல மூணு வெடிச்சுது. செத்தவங்க எண்ணிக்கை புத்தகத்துக்கு புத்தகம் மாறும், 1,100-க்கு கீழ யாரும் சொல்றது இல்ல. லிங்கன் கொலையான ரெண்டே வாரத்துல நடந்ததால பேப்பர்கள்ல இதுக்கு பெருசா இடம் கூட கிடைக்கல.

சரி, தகடு ஏன் கிழியுது? உருளை வடிவ பாய்லர்ல சுத்துவாக்குல வர்ற இழுவிசை, நீளவாக்குல வர்றதை விட சரியா ரெண்டு மடங்கு. ஒன்றரை மீட்டர் விட்டம், 10 மில்லிமீட்டர் தகடுன்னா, அதே பத்து மடங்கு அழுத்தத்துல சுத்துவாக்குல ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 75 நியூட்டன் வரும். துரு தின்னு தகடு பாதியானா 150. அதனால பாய்லர் எப்பவும் நீளவாக்குலதான் கிழிய பாக்கும், அந்த நீளவாக்கு ஜாயின்ட்தான் உயிர்நாடி. அந்த காலத்துல வெல்டிங் கிடையாது, எல்லாம் ரிவெட், அதாவது தகடுகள்ல ஓட்டை போட்டு ஆணி மாதிரி அடிச்சு இறுக்குறது. வில்லியம் ஃபேர்பெர்ன்ங்கிற பிரிட்டிஷ் என்ஜினியர் பரிசோதனை பண்ணி சொன்னாரு, முழு தகட்டோட பலம் 100-ன்னா, ரெட்டை வரிசை ரிவெட் ஜாயின்ட் 70, ஒத்தை வரிசை 56-தான்னு. ஓட்டை போட்டா பலம் குறையத்தானே செய்யும்.

அதை விட நயவஞ்சகமான ஒண்ணு லேப் ஜாயின்ட், அதாவது ஒரு தகட்டு விளிம்பு மேல இன்னொண்ணை ஏத்தி ரிவெட் அடிக்கிறது. அப்படி ஏத்தி வச்சா உருளை முழு வட்டமா இருக்காது, அந்த இடத்துல ஒரு சின்ன படி இருக்கும். அழுத்தம் ஏறுறப்ப அது வட்டமாக பாக்கும், இறங்குறப்ப திரும்பிடும், தினமும் இதே வளைவு. வருஷக்கணக்குல இது நடந்தா ரிவெட் வரிசை ஓரமா விரிசல் விடும், அதுவும் மேல் தகடு மூடியிருக்குற இடத்துக்கு அடியில, உள்ளயிருந்து பாத்தாலும் வெளியயிருந்து பாத்தாலும் தெரியாது. 1905 மார்ச் 20 காலையில மாசசூசெட்ஸ்ல பிராக்டன் ஊர்ல குரோவர் ஷூ ஃபேக்டரியில நடந்தது இதுதான். புது பாய்லரை சுத்தம் பண்றதுக்காக நிறுத்திட்டு பழைய பாய்லரை ஓட்டியிருக்காங்க, அது வெடிச்சு நாலு மாடி மரக் கட்டடத்தோட தளங்களையும் கூரையையும் துளைச்சுக்கிட்டு வெளிய பறந்துடுச்சு, தளங்கள் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து தீப்பிடிச்சு 58 பேர் செத்தாங்க. வால்வை யாரும் கட்டி வைக்கல, எல்லாம் ஒழுங்காத்தான் இருந்துச்சு. 1907-ல மாசசூசெட்ஸ் பாய்லர் விதிகளை எழுதுச்சு, அதை பாத்து அமெரிக்க மெக்கானிக்கல் என்ஜினியர்கள் சங்கம் எழுதின 1914 விதித்தொகுப்புதான் இன்னிக்கும் உலகம் பூரா புழங்குற, அந்த சங்கத்தோட ஏஎஸ்எம்இ விதித்தொகுப்புக்கு அடித்தளம். பிரிட்டன்ல மான்செஸ்டர் ஃபேக்டரிக்காரங்க 1854-லயே சேர்ந்து சொந்தமா இன்ஸ்பெக்‌ஷன் சங்கம் வச்சுட்டாங்க, இந்தியாவுல 1863-ல கல்கத்தாவுல நடந்த ஒரு விபத்துக்கப்புறம் 1864-ல வங்காளத்துல சட்டம் வந்துச்சு, நாடு முழுக்க 1923-ல.

குறைஞ்ச அழுத்தம்னா பயமில்லன்னு நினைக்கிறவங்களுக்கு 1876-ல "தண்டரர்"ங்கிற பிரிட்டிஷ் போர்க்கப்பல். பாய்லர் பொட்டி மாதிரி தட்டையான பக்கங்களோட இருந்த பழைய ரகம், ஓடுற அழுத்தமே சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டுதான். நீராவி வெளிய போற வால்வை திறக்க மறந்துட்டாங்க, சேஃப்டி வால்வு துருப்பிடிச்சு ஒட்டியிருந்துச்சு, அழுத்தம் காட்டுற கேஜ் உடைஞ்சு கிடந்துச்சு. ஒண்ணு வேலை செஞ்சிருந்தா கூட 45 பேர் பிழைச்சிருப்பாங்க.

ரயில் என்ஜின் கதை கொஞ்சம் வேற. அதுல பெரிய வில்லன் கிரவுன் ஷீட், அதாவது ஃபயர்பாக்ஸோட (நெருப்பு எரியுற அறை) கூரை. கீழ 1,000 டிகிரி தாண்டின நெருப்பு, மேல தண்ணி. தண்ணி மூடியிருக்குற வரைக்கும் அந்த தகடு 200 டிகிரியை சுத்தியே இருக்கும், சூடு வந்த வேகத்துல தண்ணி வாங்கிக்கும். மட்டம் இறங்கி தகடு வெளிய தெரிஞ்சா கொஞ்ச நேரத்துல சிவக்க ஆரம்பிக்கும், இரும்பு மெத்துன்னு ஆகும், அதை மேலயிருந்து தாங்கி பிடிச்சிருக்குற கம்பிகளான ஸ்டே போல்ட்கள்ல இருந்து தொய்ஞ்சு உருவிக்கிட்டு கிழியும். இதுல அழுத்தம் ஏறவே வேண்டியதில்ல, அதனால சேஃப்டி வால்வு இருந்தும் பிரயோஜனம் இல்ல. கிழிஞ்ச உடனே தண்ணியில ஒரு பகுதி ஆவியாகி, மிச்ச தண்ணியோட ஃபயர்பாக்ஸ் வழியா கீழ பாயும், அந்த எதிர்விசையில பாய்லர் சட்டத்தை விட்டு மேல எகிறும். டிரைவரும் ஃபயர்மேனும் தண்ணி மட்டத்தை காட்டுற கேஜ் கிளாஸை விட்டு கண்ணை எடுக்க கூடாதுன்னு அடிச்சு சொல்றது இதுக்குத்தான்.

இன்னிக்கு பெரிய பாய்லர்கள்ல வாட்டர் டியூப் ரகம்தான் அதிகம், பாப்காக்கும் வில்காக்ஸும் 1867-ல பேட்டன்ட் வாங்கின வழி. பெரிய டிரம்முல குளம் மாதிரி தண்ணி வைக்கிறதுக்கு பதிலா சின்ன சின்ன குழாய்கள்ல ஓட விடுறது, ஒரு குழாய் வெடிச்சா அதுக்குள்ள இருக்குறது கொஞ்சம்தான், மிச்சம் சின்ன ஓட்டை வழியா மெதுவாத்தான் வரணும். அதுக்காக ஆபத்தே இல்லன்னு இல்ல, 2003-ல மயாமி துறைமுகத்துல "நார்வே" கப்பல்ல பாய்லரோட ஹெடர் (சின்ன குழாய்கள் வந்து சேர்ற பெரிய குழாய்) வெல்டிங் ஓரமா விரிசல் விட்டு கிழிஞ்சு 8 ஊழியர்கள் செத்தாங்க. திரும்ப திரும்ப சூடாக்கி ஆற விட்டதுல வளர்ந்த விரிசல் அது, பிராக்டன்ல பாத்த அதே கதை, வேற ஜாயின்ட்.

1995-ல பென்சில்வேனியாவுல சுற்றுலாவுக்கு ஓட்டின கெட்டிஸ்பர்க் ரயில்வேயோட 1278-ம் நம்பர் நீராவி என்ஜின்ல கிரவுன் ஷீட் போயிடுச்சு. கேஜ் கிளாஸுக்கு போற வழியில உப்பு படிஞ்சு அடைச்சிருந்ததால தண்ணி மட்டம் சரியா தெரியல. என்ஜின்ல இருந்த மூணு பேருக்கும் தீக்காயம், யாரும் சாகல. அந்த என்ஜினை கட்டினவங்க ஸ்டே போல்ட் வரிசைகள்ல சிலதை மட்டும் தலை பெருசா, கூடுதல் பிடிமானத்தோட வச்சிருந்தாங்க, அதனால தகடு ஒரேயடியா பிய்ஞ்சு வராம கட்டம் கட்டமா கிழிஞ்சு, தண்ணி ஒரே நொடியில ஆவியாக விடாம அழுத்தத்தை கொஞ்சம் கொஞ்சமா வெளிய விட்டுருச்சு.