லாக் யார் கையில்? கம்பைலரைக் கேளுங்கள்

ஓசூர், தளி, பாகலூர் பக்கம் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில் ஒன்றில், கம்பத்தில் மாட்டியிருக்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். உள்ளே சின்ன போர்டு, அதில் சி மொழியில் எழுதிய புரோகிராம். அதில் ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் வேலைகள், அதாவது த்ரெட்கள், மூன்று. ஒரு த்ரெட் ஈரப்பத சென்சாரை வாசிக்கிறது. இன்னொன்று பனிபோல் நீர் தூவும் ஃபாகரை இயக்குகிறது. மூன்றாவது, தோட்டக்காரரின் போனுக்குச் செய்தி அனுப்புகிறது. மூன்றும் தொடுவது ஒரே ஸ்ட்ரக்ட்டைத்தான், அதாவது பல மாறிகளைச் சேர்த்துக் கட்டிய ஒரே தொகுப்பைத்தான். அதில் இரண்டு எண்கள்: ஈரப்பதம், அதை அளந்த நேரம்.

ஈரப்பதம் புதிதாகிவிட்டது, நேரம் இன்னும் மாறவில்லை. அந்த நொடித்துளியில் ஃபாகர் த்ரெட் எட்டிப் பார்த்தால், கையில் இருப்பது பழைய அளவு என்று நினைத்து ஒதுக்கிவிடும். இதற்குத்தான் லாக், ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே பிடிக்கக்கூடிய பூட்டு. தொடுமுன் பிடி, தொட்டபின் விடு. விதி இவ்வளவுதான், ஆனால் அது சி மொழிக்குத் தெரியாது. எந்த லாக் எந்த மாறியைக் காக்கிறது என்பது எழுதியவர் மனசில் இருக்கும், மிஞ்சிப்போனால் ஒரு கமென்ட் வரியில் இருக்கும். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் கமென்டைப் படிப்பதில்லை. அடுத்து வேலைக்கு வருகிறவரும் பெரும்பாலும் படிப்பதில்லை.

சென்சார் த்ரெட்டின் நிரல் இது. இங்கே தமிழ் எழுத்தில் தருகிறோம். சி தெரிந்தவருக்குத் திரையில் எப்படி இருக்கும் என்பது புரியும்.

இன்ட் குடில்_அள(ஸ்ட்ரக்ட் குடில் *கு)
{
    பிடி(&கு->லாக்);
    இஃப் (சென்சார்_வாசி(&கு->ஈரம்) < 0)
        ரிட்டர்ன் -1;
    கு->நேரம் = இப்போது();
    விடு(&கு->லாக்);
    ரிட்டர்ன் 0;
}

சென்சார் ஒழுங்காக இருக்கும்வரை இதில் குறையே தெரியாது. மேசைமேல் வைத்து ஒரு வாரம் ஓட்டினாலும் ஓடும். குடிலுக்குள் போனதும் கனெக்டரில் ஈரம் கோத்து ஒரே ஒரு முறை வாசிப்பு தவறுகிறது. செயற்கூறு (ஃபங்ஷன்) -1 தந்து வெளியேறுகிறது, லாக்கை விடாமலே. அதன்பின் ஃபாகர் த்ரெட் லாக்குக்காகக் காத்துக் கிடக்கும், விடிய விடிய. பெட்டியில் பச்சை விளக்கு எரியும், நீர் மட்டும் வராது. வந்து பார்ப்பவர் மின்சாரத்தை நிறுத்திப் போடுவார், எல்லாம் சரியாகிவிடும், காரணமும் அதோடு மறைந்துவிடும்.

இந்தத் தவறைப் புரோகிராமை ஓட்டாமலே பிடிக்கலாம். கிளாங் கம்பைலரில் அதற்கென்றே த்ரெட் சேஃப்டி அனாலிசிஸ் என்ற சோதனை இருக்கிறது. கூகுளில் வளர்ந்த இதன் அமைப்பை டெலெஸ்லி ஹச்சின்ஸ், ஏரன் பால்மன், டீன் சதர்லேண்ட் மூவரும் 2014-இல் ஓர் ஆய்வுக்கட்டுரையில் விளக்கினார்கள். சோதனை முழுவதும் கம்பைல் நேரத்திலேயே முடிந்துவிடுவதால், போர்டில் ஏறும் பைனரியில் அதற்காக ஒரு பைட்கூட அதிகமாகாது.

இது வேலை செய்யும் விதத்துக்கு ஓமலூரிலிருந்து தருமபுரி, பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூர் போகும் ஒற்றை இரயில்பாதையை நினைத்துக்கொள்ளலாம். ஒற்றைப்பாதைகளில் அந்தக் காலத்து விதி, அந்தப் பகுதிக்குரிய டோக்கன் டிரைவர் கைக்கு வந்தால்தான் வண்டி நகரும் என்பது. கிளாங்கும் ஒவ்வொரு வரியிலும் 'இப்போது கையில் எந்தெந்த டோக்கன்' என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்கிறது. பிடித்தால் பட்டியலில் ஒன்று கூடும், விட்டால் குறையும். காவலுள்ள மாறியைத் தொடும் வரியில் அதற்குரிய டோக்கன் பட்டியலில் இல்லையென்றால் எச்சரிக்கை.

இஃப் வந்தால் பாதை இரண்டாகப் பிரியும். இரண்டிலும் தனித்தனிப் பட்டியலோடு நடந்து, அவை மறுபடி சேரும் இடத்தில் கிளாங் இரண்டையும் ஒப்பிடுகிறது. நம் நிரலில் இரண்டு ரிட்டர்னும் சேருவது செயற்கூற்றின் முடிவில். ஒரு பாதையில் லாக் கையில் இருக்கிறது, மற்றதில் இல்லை. 'இந்த லாக் எல்லாப் பாதையிலும் பிடித்த நிலையில் இல்லை' என்ற பொருளில் எச்சரிக்கை வரும். முதல் முறை பார்ப்பவர் 'நான்தான் பிடித்தேனே' என்று குழம்புவார். பாதைக்குப் பாதை நிலை மாறுகிறது என்று அதற்கு அர்த்தம். கூடவே வரும் குறிப்பு, லாக்கைப் பிடித்த வரியைக் காட்டும். முதலில் அதைப் பாருங்கள். கனெக்டர் நனைந்ததா இல்லையா என்பது கம்பைலருக்கு வேண்டாத கதை. நடக்கக்கூடிய பாதை என்றாலே அது பார்த்துவிடும்.

இதற்கு நாம் செய்யவேண்டிய வேலையும் இருக்கிறது. லாக் வகையை 'கேப்பபிலிட்டி' என்று குறிக்க வேண்டும். லினக்ஸில் வழக்கமாக உள்ள சி நூலகமான ஜிலிப்சி தரும் லாக், பித்ரெட் மியூடெக்ஸ்; அதில் இந்தக் குறி கிடையாது, ஆகவே அதைச் சுற்றி ஒரு சிறு ஸ்ட்ரக்ட் எழுதி, பிடி, விடு இரண்டுக்கும் 'அக்வயர்', 'ரிலீஸ்' குறிகளைப் போட வேண்டும். பிறகு காக்கவேண்டிய மாறிகள்:

ஸ்ட்ரக்ட் குடில் {
    ஸ்ட்ரக்ட் லாக் லாக்;
    இன்ட் ஈரம் கார்டட்_பை(லாக்);
    இன்ட் நேரம் கார்டட்_பை(லாக்);
};

சி எழுதுபவர்கள் தடுக்கி விழும் இடம் இது. ஒரே ஸ்ட்ரக்ட்டுக்குள் இருக்கும் லாக்கைப் பெயர் சொல்லிக் காட்டுவது சி++-இல் முதலிலிருந்தே நடக்கும். சி-யில் பழைய கிளாங் 'இப்படி ஒரு பெயரே இல்லை' என்று நிறுத்திவிடும். பின்னால் வந்த பதிப்புகளில், குறியைத் தாமதமாகப் படிக்கச் சொல்லும் சோதனைநிலைக் கொடி (ஃபிளாக்) ஒன்றைக் கம்பைலர் கட்டளையில் சேர்த்தால் வேலை செய்யும். இன்னொரு கம்பைலரான ஜிசிசி-க்கு இந்தக் குறிகள் புரியாது. எல்லாவற்றையும் மேக்ரோவாக வைத்து, ஜிசிசி வந்தால் வெறுமையாக விரியும்படி செய்துவிடுவது வழக்கம்.

பாயின்டருக்கு, அதாவது வேறொன்றின் முகவரியை வைத்திருக்கும் மாறிக்கு, குறி இரண்டு. கார்டட்_பை காப்பது பாயின்டரை மட்டும். அது சுட்டும் பொருளைக் காக்க பி.டி_கார்டட்_பை வேண்டும் ('பி.டி' பாயின்டரின் சுருக்கம், நம் 'பிடி' அல்ல). முன்னதைப் போட்டுவிட்டுப் பின்னதும் சேர்ந்தே வரும் என்று நம்புவது பரவலான தவறு.

உதவிச் செயற்கூறுகளில் 'ரிக்வயர்ஸ்' என்று எழுதினால், 'என்னை அழைப்பவர் லாக்கைப் பிடித்துக்கொண்டுதான் அழைக்க வேண்டும்' என்று பொருள். இது தவிர்க்க முடியாத குறி. ஏனென்றால் கிளாங் ஒரு நேரத்தில் ஒரு செயற்கூற்றை மட்டுமே பார்க்கும். அழைக்கப்படும் செயற்கூற்றின் உடலுக்குள் அது நுழைவதில்லை, ஹெடரில் உள்ள குறியை அப்படியே நம்பும். வேகத்துக்குக் காரணம் அதுதான். ஒரு மாறிக்குக் குறி போட்டதும் எச்சரிக்கைகள் அழைப்பவர், அவரை அழைப்பவர் என்று மேலே மேலே ஏறுவதற்கும் அதுதான் காரணம். பழைய நிரலில் ஒரே நாளில் எல்லா மாறிக்கும் குறி போட்டால் எச்சரிக்கை கொட்டித் தீர்க்கும், யாரும் படிக்க மாட்டார்கள். ஒரு லாக், அதன் மாறிகள், அவற்றைச் சுத்தம் செய்தபின் அடுத்தது என்று போவது நல்லது. ஒரு கோப்பு சுத்தமானதும் அதில் எச்சரிக்கையைப் பிழையாக மாற்றிவிடுங்கள், மறுபடி அழுக்கு சேராது.

காத்திருக்காமல் லாக்கைப் பிடிக்க முயன்று பார்க்கும் டிரைலாக்கில் ஒரு கண்ணி. அதற்கான குறியில், எந்த மதிப்பு வந்தால் லாக் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். பித்ரெட்டின் டிரைலாக் வெற்றி என்றால் 0 தரும், லினக்ஸ் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப்பகுதியின்) மியூடெக்ஸ் டிரைலாக் வெற்றி என்றால் 1 தரும். ஒன்றைப் பார்த்து இன்னொன்றுக்கு எழுதினால் சோதனை தலைகீழாகிவிடும். சரியான நிரலைத் திட்டும், தவறான நிரலைத் தட்டிக்கொடுக்கும்.

நம் நிரலில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. ஈரத்தின் முகவரியைச் சென்சார்_வாசிக்குக் கொடுத்திருக்கிறோம். லாக் பிடிக்காமல் கொடுத்திருந்தாலும் பழைய கிளாங் வாய் திறக்காது; முகவரியை எடுப்பது அதன் கணக்கில் வாசிப்பும் இல்லை, எழுத்தும் இல்லை. புதிய பதிப்புகளில் இதற்கென்று தனிக் கொடி உண்டு. ஆனால் இங்கே நல்ல வழி வேறு. சென்சாரிலிருந்து விடை வரும்வரை லாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதே வீண். முதலில் உள்ளூர் மாறி ஒன்றில் வாசித்துவிடுங்கள், தவறினால் அங்கேயே திரும்புங்கள். பிறகு லாக்கைப் பிடித்து, இரண்டு எண்களை எழுதி, விட்டுவிடலாம். லாக் பிடித்த பகுதிக்குள் ரிட்டர்னே இல்லை, மறப்பதற்கும் ஒன்றுமில்லை.

லினக்ஸ் கெர்னலில் இந்த வேலைக்கு முன்பே ஸ்பார்ஸ் என்ற கருவி இருந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2003-இல் தொடங்கியது. அது எண்ணிக்கை மட்டும் பார்க்கும்: பிடித்தால் ஒன்று கூட்டும், விட்டால் ஒன்று கழிக்கும், முடிவில் கணக்கு சரியா என்று கேட்கும். போச்சம்பள்ளி சந்தைக்கு ஓட்டிப்போன ஆடும் திரும்பி வந்த ஆடும் எண்ணிக்கையில் சரி, ஆனால் வந்தது அதே ஆடுதானா என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு லாக்கைப் பிடித்து வேறொன்றை விட்டால் ஸ்பார்ஸ் சும்மா இருந்துவிடும். கிளாங் வழிச் சோதனையைக் கெர்னலுக்குக் கொண்டுவரும் பேட்ச்கள் 2025-இல் முன்வைக்கப்பட்டன.

லாக்குகளின் வரிசை தனிக் கதை. ஒரு த்ரெட் 'அ' பிடித்து 'ஆ'-வுக்குக் காத்திருக்க, மற்றது 'ஆ' பிடித்து 'அ'-வுக்குக் காத்திருந்தால் டெட்லாக். 'இதற்குப் பின்தான் அது' என்று எழுதக் குறிகள் இருந்தாலும், கிளாங் அவற்றைச் சோதனைநிலைக் கொடியின் கீழ்தான் பார்க்கிறது. இந்த இடத்தில் கெர்னல் ஓடும்போதே சோதிக்கும் லாக்டெப் என்ற கருவி தேவலை. இங்கோ மோல்னார் எழுதி 2006-இல் கெர்னலில் சேர்ந்தது அது. டெட்லாக் உண்மையில் நிகழவேண்டியதில்லை, இரண்டு வரிசையும் எப்போதோ ஒருமுறை தனித்தனியாக நடந்திருந்தாலே கண்டுபிடித்துவிடும். ஆனால் ஓடிய பாதையைத்தான் அது அறியும், கனெக்டர் நனையாதவரை அந்தப் பாதை இருப்பதே அதற்குத் தெரியாது.

சரியான நிரலையும் கிளாங் திட்டும் இடங்கள் உண்டு. நிரலில் 'கொடி' என்று ஒரு மாறி வைத்து, 'கொடி இருந்தால் பிடி', பத்து வரி தள்ளி 'கொடி இருந்தால் விடு' என்று எழுதினால், இரண்டு இஃப்பும் ஒரே கொடியைத்தான் கேட்கின்றன என்பது அதற்குப் புரியாது. ஸ்ட்ரக்ட்டை உருவாக்கும் செயற்கூற்றில், வேறு எந்த த்ரெட்டும் அதை இன்னும் பார்த்திராத நேரத்திலும், லாக் எங்கே என்று கேட்கும். முதல் வகையைப் பெரும்பாலும் இரண்டு செயற்கூறாகப் பிரித்து எழுதினால் தீரும். இரண்டாவதற்கு அந்தச் செயற்கூற்றின்மேல் 'சோதிக்காதே' என்ற குறியைப் போடுவார்கள். போட்டுவிட்டால் அதற்குள் நடக்கும் எதையும் கம்பைலர் பார்க்காது. ஆறு மாதம் கழித்து யாரோ அதே செயற்கூற்றில், த்ரெட்டைத் தொடங்கும் வரிக்குக் கீழே, இன்னும் இரண்டு எண்களை நிரப்புவார், எச்சரிக்கை வராது. அந்தக் குறி போடும் ஒவ்வொரு இடத்திலும் காரணத்தை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை, கோப்புகளில் சொல் தேடும் கிரெப் கட்டளை போட்டு அவற்றை எண்ணிப் பாருங்கள்.