தகைமையா, தேர்ச்சியா?

மலையகத்து வைத்தியசாலை ஒன்றின் சுவரில் போன மாதம் ஓர் அறிவித்தல்: “பயிலுநர் வைத்தியர்களின் தகைமை மதிப்பீடு நடைபெறுவதால் கிளினிக் தாமதமாகும்.” வரிசையில் எனக்கு முன்னால் நின்ற தோட்டத்து அக்கா அதைப் படித்துவிட்டுத் திரும்பினார். “என்னங்க சேர், இந்த டொக்டர்மாருக்கு சர்ட்டிபிகட் இல்லையா?”

அவர் கேட்டதில் பிழையில்லை. நம் இலங்கையில் தகைமை என்றால் கடதாசி. விண்ணப்பத்தில் ‘கல்வித் தகைமை’ கேட்டால் சான்றிதழைத்தான் இணைக்கிறோம். தொழிற்பயிற்சியில் தருவதும் ‘தேசிய தொழில் தகைமை’. அந்த அறிவித்தல் சொல்ல வந்ததோ ஆங்கிலத்தில் ‘கொம்பிடன்ஸ்’ எனப்படுவது: ஒரு வேலையைச் சரியாகச் செய்ய வேண்டிய அறிவு, கைப்பழக்கம், நிதானம் எல்லாம் சேர்ந்தது.

அதன் லத்தீன் வேருக்கு ‘கூடி நாடுதல், பொருந்துதல்’ என்று பொருள். தகு, தகை, தகைமை என்பதும் பொருத்தந்தானே என்று ஒரு மொழிபெயர்ப்பாள நண்பர் வாதாடினார். சரி, போட்டியைக் குறிக்கும் ‘கொம்பிடிஷ’னும் அதே வேரில் பிறந்ததுதான், பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியையும் தகைமை என்போமா? வேரைப் பிடுங்கி நட்டால் சொல் முளைக்காது.

இன்னொரு கூட்டம் கொம்பிடன்ஸுக்குச் சிங்களத்தில் வழங்கும் ‘நிபுணதாவ’வைப் பார்த்து ‘நிபுணத்துவ மதிப்பீடு’ என்கிறது. இது அதைவிட மோசம். நமக்கு நிபுணர் என்றால் பயிற்சியை முடித்துவிட்ட விசேட வைத்திய நிபுணர். இன்னும் நிபுணர் ஆகாதவரிடம் நிபுணத்துவத்தை எப்படி அளப்பது?

நல்ல சொல் நம் பாடசாலையிலேயே கிடக்கிறது. ஆசிரியர் வழிகாட்டிகளில் ‘தேர்ச்சி’, ‘தேர்ச்சி மட்டம்’ என்று எத்தனை வருடமாகப் படிப்பித்திருக்கிறேன்! தேர் என்றால் ஆராய், தெளி. கைதேர்ந்த வைத்தியர் என்று ஊரே சொல்கிறது. ‘தேர்ச்சி என்றால் பாஸ் ஆவது அல்லவா’ என்பார்கள். அது தமிழ்நாட்டு வழக்கு. நமக்குப் பரீட்சையில் கிடைப்பது சித்தி. அதனால் தேர்ச்சி என்ற சொல் இங்கே வேறு வேலைக்குக் கிடைக்கிறது. அக்கரைப் பத்திரிகை குழம்பும் என்று நாம் ஏன் நம் சொல்லைக் கைவிட வேண்டும்?

வைத்தியத்தில் இந்த வேறுபாடு மிகவும் முக்கியம். பட்டப்பின் மருத்துவக் கல்வியில், நிபுணராக விரும்புபவர் எழுதும் எம்.டி. பரீட்சையில் சித்தி பெற்றாலும் உடனே நிபுணராகிவிட முடியாது. மேற்பார்வையில் வேலை செய்யும் பயிற்சி இன்னும் இருக்கிறது. அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் ஜோர்ஜ் மில்லர் 1990இல் வைத்தியரின் திறனை அளக்க நான்கு படி வைத்தார்: தெரிவது, எப்படியென்று தெரிவது, செய்து காட்டுவது, அன்றாடம் செய்வது. எழுத்துப் பரீட்சை முதல் இரண்டு படிகளோடு நின்றுவிடும். அதனால்தான் மூத்தவர் கட்டிலருகே நின்று, பயிலுநர் நோயாளியிடம் எப்படிப் பேசுகிறார், ஊசியை எப்படிப் போடுகிறார் என்று பார்த்துக் குறித்துக்கொள்கிறார். பார்த்த கையோடு குறையையும் சொல்லிவிடுகிறார்.

தோட்டத்தில் இது புதிதல்ல. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியைப் புதிய ஆளிடம் கொடுத்துவிட்டுக் கங்காணி வீட்டுக்குப் போவதில்லை. வெட்டு பிழைத்தால் செடி போய்விடும். நாலு செடி வெட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் மலையை அவரிடம் விடுவார். இன்று மருத்துவக் கல்வியிலும் ‘எந்த வேலையை இவரிடம் நம்பி ஒப்படைக்கலாம்’ என்றே தேர்ச்சியை அளக்கிறார்கள். ‘தேறற்க யாரையும் தேராது தேர்ந்தபின் தேறுக தேறும் பொருள்’ என்ற குறளில் தேர்தலும் தேறுதலும், அதாவது ஆராய்வதும் நம்புவதும், அடுத்தடுத்து வருகின்றன. இதைப் படித்து வளர்ந்தவர்களுக்கா சொல் பஞ்சம்?

அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். வரிசையில் நின்று அதைப் படிப்பவரை யாரும் நினைப்பதில்லை. நான் அந்த அக்காவிடம், “சர்ட்டிபிகட் எல்லாம் இருக்கு, கை எப்படின்னுதான் பாக்கிறாங்க” என்றேன். “அப்படின்னு எழுதியிருக்கலாமே” என்றார்.