கேஷ் (cache): பதுக்கலா, இடைச்சேமிப்பா?

எங்கள் அடுப்படியில் கறித்தூள் இரண்டு இடத்தில் இருக்கும். மில்லில் அரைத்து வந்ததெல்லாம் அறைக்குள் பெரிய டின்னில். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் போத்தல். குழம்பு கொதிக்கும்போது அறைக்கு ஓட முடியுமா? கணினியில் கேஷ் என்பது அந்தப் போத்தல்தான்: அடிக்கடி வேண்டியதன் பிரதியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கும் இடம்.

சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அதில் ‘காஷே’ என்றால் ஒளித்தல். கனடாக் காடுகளில் தோலுக்காக விலங்கு பிடித்தவர்கள் உணவை ஒளித்துவைத்த இடத்துக்கும் அதே பெயர். 1965இல் பிரித்தானியக் கணினி அறிஞர் மொரிஸ் வில்க்ஸ் இவ்வகை நினைவகத்தை ‘அடிமை நினைவகம்’ என்றார். நல்லகாலம், அது நிலைக்கவில்லை. 1968இல் ஐபிஎம் தன் சிஸ்டம்/360 மொடல் 85 கணினி பற்றி எழுதும்போது கேஷ் என்றது, அதுவே ஊன்றிவிட்டது.

தமிழில் ‘பதுக்கு நினைவகம்’ என்பார்கள். பிரெஞ்சுச் சொல்லின் அர்த்தத்துக்குச் சரிதான். ஆனால் யாழ்ப்பாணத்தில் பதுக்கல் என்றதும் பொருளாதாரத் தடைக் காலத்து மண்ணெண்ணெய்தான் ஞாபகம் வரும்.

உண்மையில் நான் ஒருமுறை பதுக்கத்தான் செய்தேன். கலியாணப் படங்களைத் தட்டிப் பார்க்க ஒரு செயலி எழுதி, கேஷில் 200 படம் வரை இருக்கலாம் என்று விட்டேன். கோப்பு ஒன்று 4 எம்பி, எல்லாமாக 800 எம்பிதானே என்ற கணக்கு. தாலிகட்டு வரமுன்னமே செயலி விழுந்தது. ஜேபெக் என்பது சுருக்கிய படக் கோப்பு, வட்டில் கிடக்கும்போதுதான் 4 எம்பி. திரைக்காக விரித்தால் 4000×3000 புள்ளி, புள்ளிக்கு 4 பைட், ஆக 48 எம்பி. 200 படத்துக்கு 9.6 ஜிபி. என் மடிக்கணினியில் நினைவகம் மொத்தமே 8 ஜிபி! வீடியோ இன்னும் மோசம்: 1920×1080 சட்டகம் (ஃபிரேம்) ஒன்றே 8.3 எம்பி, செக்கனுக்கு 25 சட்டகம். அப்புறம் எல்லையை எண்ணிக்கையில் வைக்காமல் பைட்டில் வைத்தேன். நிரம்பினால், கனநேரம் தொடாத படம் முதலில் வெளியே போகும்.

நான் ‘இடைச்சேமிப்பு’ என்றே எழுதுகிறேன். ‘தற்காலிகச் சேமிப்பு’ம் புழக்கத்தில் இருக்கிறது, ஆனால் மூலம் வேறிடத்தில் உண்டு என்பதை அது சொல்லாது. வீடியோ வெட்டும் மென்பொருள்கள் ஒலியலைப் படம், முன்னோட்டம் என்று வட்டில் சேர்த்துவைப்பவையும் இவ்வகைதான். வட்டு நிரம்பிய ஸ்டூடியோத் தம்பி ஒருவர், “அழிச்சால் கலியாண வீடியோ போயிடுமோ அண்ணை?” என்று கேட்டார். “இது இடைச்சேமிப்பு, கமராவிலிருந்து எடுத்தது மற்ற ஃபோல்டரில கிடக்கு” என்றேன். அந்த ஃபோல்டரை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத்தான் அழித்தார்.