அந்த மலை மொட்டை இல்லை, டீச்சர்

உடுமலைப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கும் வாசகி ஒருவர் போன மாதம் எழுதியிருந்தார். பசுமைப் படைப் பிள்ளைகள் நாற்பது பேரை நீலகிரிக்கு அழைத்துப் போகிறாராம், கூடவே ஐந்நூறு மரக்கன்றுகள். அவலாஞ்சிக்கு மேலே ஒரு மரம்கூட இல்லாமல் மலை மலையாக மொட்டையாகக் கிடக்கிறதே, அங்கே நடலாமா, எந்த மரம் நட்டால் சீக்கிரம் பிடிக்கும் என்று கேட்டிருந்தார்.

நல்ல மனசோடு கேட்ட கேள்வி. தயவுசெய்து நடாதீர்கள், டீச்சர். வேம்பும் புங்கனும் கொண்டுபோனீர்கள் என்றால் முதல் குளிரிலேயே கருகிவிடும், பிள்ளைகளுக்கு மனசு கஷ்டம், அவ்வளவுதான். பிடித்துக்கொள்கிற மரத்தைக் கொண்டுபோனால்தான் ஆபத்து.

அங்கே இருப்பது புல்வெளி. மலைமடிப்புகளில், ஓடைகளை ஒட்டி, கையில் அள்ளிவைத்த மாதிரி சின்னச் சின்ன சோலைகள். மற்ற சரிவெல்லாம் புல். சோலை என்ற நம் சொல்லையே ஆங்கிலத்திலும் அந்தக் காட்டுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். புல்லுக்கு மட்டும் மரியாதையான பெயர் எதுவும் கிடைக்கவில்லை. வெள்ளைக்காரன் வரிக்கணக்கில் 'பாழ்நிலம்' என்று எழுதினான், நாம் மொட்டை என்கிறோம். ஒரு திணைக்கே பெயர் கொடுத்த நீலக்குறிஞ்சி அந்தப் புல்சரிவில்தான் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிறது, வரையாடு அங்கேதான் மேய்கிறது, இருந்தும் மொட்டை.

அப்புறம் நீலகிரி நெட்டைக்காலி. வயலில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் பழுப்புக் குருவியைப் பார்த்திருப்பீர்களே, அதுவும் ஒரு நெட்டைக்காலிதான். இது அதற்குச் சொந்தம். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், நீலகிரி, ஆனைமலை மாதிரியான உச்சிகளில், பெரும்பாலும் 2000 மீட்டருக்கு மேலே உள்ள புல்வெளியில்தான் இருக்கிறது. முதன்முதலில் பார்த்தபோது எலி ஓடுகிறது என்றே நினைத்தேன். புல் கொத்துகளுக்கு நடுவே தலையைத் தாழ்த்திக்கொண்டு அப்படி ஓடும், நின்று பார்த்தால்தான் குருவி என்று தெரியும், மார்பிலும் முதுகிலும் புல்லின் நிழல் விழுந்த மாதிரி கோடுகள். பூச்சி தின்னும், புல் கொத்துக்கு அடியில் தரையிலேயே கூடு வைக்கும். மரம் வந்து நிழல் விழுந்து புல் செத்தால் அதற்குக் கூடும் இல்லை, சாப்பாடும் இல்லை. கீழே இறங்கிப் பிழைத்துக்கொள்ளட்டும் என்றால் கீழே அதற்கு வேண்டிய குளிரும் புல்லும் கிடையாது. உச்சியில் இருக்கிறவனுக்கு இன்னும் மேலே போகவும் இடம் கிடையாது.

சரி, அங்கே ஏன் மரம் வரவில்லை? மழைக்குக் குறைவில்லை, பக்கத்திலேயே சோலை இருக்கிறது, விதை பறந்து விழாமலா இருக்கும்?

விழுகிறது, முளைக்கிறது, செத்துப்போகிறது. ஒவ்வொரு டிசம்பரிலும் தலைகுந்தாவில் உறைபனி என்று டிவியில் காட்டுவார்களே, அதுதான் காரணம். மேகமில்லாத குளிர்கால இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய ஒரு சாண் காற்றுதான் மிகவும் குளிர்ந்துபோகும், ஒரு சாண் உயர நாற்று சரியாக அதற்குள் நிற்கும். சோலைக்குள் இலைக்கூரை கம்பளி மாதிரி சூட்டைப் பிடித்துவைப்பதால் அங்கே நாற்றுக்குக் கவலையில்லை. புல்லுக்கு உயிர் அடியில் இருப்பதால் மேலே கருகினாலும் மறுபடி துளிர்க்கும். பெங்களூரில் இருக்கும் தேசிய உயிரியல் அறிவியல் மையத்து ஆராய்ச்சியாளர்கள் சோலை மரங்களைப் புல்வெளியில் வளர்க்கப் பார்த்து, அவற்றைத் தடுப்பது இந்த இரவுக் குளிர்தான் என்று 2020ல் எழுதினார்கள். அதே புல்வெளியில் சீகை மரம் (ஆங்கிலத்தில் வாட்டில்) மட்டும் சாகவில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன். காட்டுப்பூவரசு என்று சிவப்பாகப் பூக்கும் ஒரு மரம் மட்டும் புல்வெளியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனியாக நிற்கும், அதன் சொந்தக்காரர்கள் எல்லாம் இமயமலையில், பனி அதற்குப் பழக்கம்.

இதைச் சொன்னால் உடனே ஒரு எதிர்க்கேள்வி வரும். எனக்கும் வந்தது. முதலில் எல்லாமே சோலையாக இருந்திருக்கும், மனுஷன் வெட்டி, எருமை மேய்த்து, தீ வைத்துப் புல்லாக்கியிருப்பான், அதற்குப் பிறகு பனி மரத்தை வரவிடவில்லை, அப்படி இருக்கக்கூடாதா? நியாயமான சந்தேகம்தான், ரொம்ப நாள் பல நிபுணர்களே அப்படித்தான் நம்பினார்கள். இதற்கு விடை கண்டுபிடித்த விதம் இருக்கிறதே, அதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

ஒளிச்சேர்க்கை தெரியும். இலை கார்பன் டை ஆக்சைடை உள்ளே இழுக்கிறது, ரூபிஸ்கோ என்ற நொதி அதைப் பிடித்துச் சர்க்கரை ஆக்குவதற்கான முதல் வேலையைச் செய்கிறது. இந்த ரூபிஸ்கோ ஒரு பழைய காலத்து ஆள். காற்றில் ஆக்சிஜன் அநேகமாக இல்லாத காலத்தில் உருவானது, அதனால் கார்பன் டை ஆக்சைடுக்கும் ஆக்சிஜனுக்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாது. நாலைந்து தடவைக்கு ஒரு தடவை ஆக்சிஜனைப் பிடித்துவிட்டு, அந்தத் தப்பைச் சரிசெய்யவே செடியின் சக்தியைச் செலவழிக்கும். வெயில் ஏறினால் தப்பும் ஏறும். மரங்கள், நெல், கோதுமை எல்லாம் இந்த ஆளை வைத்துக்கொண்டே காலம் தள்ளுகின்றன. சி3 செடிகள் என்று பெயர்.

வெப்பநாட்டுப் புற்கள் பல இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தன. சோளம், கரும்பு, கம்பு எல்லாம் இந்த வகை. வேறொரு நொதி முதலில் காற்றிலிருந்து கார்பனைப் பிடிக்கிறது, அது ஆக்சிஜனிடம் ஏமாறாது. பிடித்ததை இலை நரம்பைச் சுற்றியிருக்கும் ஓர் உள்ளறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிறது. ரூபிஸ்கோ அந்த அறைக்குள் உட்கார்ந்திருக்கிறது; சுற்றிலும் கார்பன் டை ஆக்சைடு நெருக்கியடித்து நிற்பதால் தப்புப் பண்ண வாய்ப்பே கிடைப்பதில்லை. இவை சி4 செடிகள். நம் மலைப் புற்களில் பெரும்பாலானவை இந்தக் கட்சி.

இனிமேல்தான் விஷயம். காற்றில் இருக்கும் கார்பன் எல்லாம் ஒரே எடை இல்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கார்பன்-12, மீதி ஒன்று ஒரு நியூட்ரான் கூடுதலாக உள்ள கார்பன்-13, கொஞ்சம் கனம். ரூபிஸ்கோவுக்குக் கனமானது பிடிக்காது, முடிந்தவரை லேசானதாகப் பார்த்து எடுக்கும். சி3 செடியில் அதற்கு அந்தச் சலுகை உண்டு, சந்தையில் கத்திரிக்காய் பொறுக்குகிற மாதிரி, வேண்டாததைத் தள்ளிவிடலாம், தள்ளியது இலைத்துளை வழியாக வெளியே போய்விடும். சி4ல் கதவு சாத்தியிருக்கிறது. ரேஷன் அரிசி மாதிரி, அளந்து போட்டதைத்தான் சமைக்க வேண்டும், லேசோ கனமோ எல்லாமே உள்ளே போகும்.

அதனால் மர இலையை எரித்து வரும் கார்பனை அளந்தால், விஞ்ஞானிகள் வைத்திருக்கும் அளவுகோலோடு ஒப்பிடும்போது கனமான கார்பன் ஆயிரத்துக்குச் சுமார் 27 குறைவாக இருக்கும். சி4 புல்லில் சுமார் 12, 13தான் குறைவு. இந்த வித்தியாசம் செடி செத்தாலும் போகாது. மக்கினாலும் போகாது. இருபதாயிரம் வருஷம் சேற்றில் கிடந்தாலும் போகாது!

நீலகிரியில் அப்படிப்பட்ட சேறு இருக்கிறது. புல்மலைகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் தண்ணீர் தேங்கி, செத்த செடி முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து கறுப்பாக ஆகியிருக்கும். பீட் என்பார்கள். மேலே புதுசு, கீழே போகப் போகப் பழசு. ஒவ்வோர் அடுக்குக்கும் கார்பன்-14 வைத்து வயது சொல்லிவிடலாம். இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமாரும் (ஆமாம், யானை ஆராய்ச்சி செய்பவரேதான்) அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் ரமேஷும் சகாக்களும் இந்தக் கறுப்பு மண்ணை எடுத்து அடுக்கடுக்காக அளந்து 1993ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். 1997ல் சாண்டிநல்லா மண்ணை வைத்து அந்தக் கணக்கு 40,000 ஆண்டுகள் வரை பின்னே போனது.

கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்த காலத்து அடுக்கில் சி4 கையெழுத்து. அதாவது புல். சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்தபோது கணக்கு சி3 பக்கம் சாய்கிறது, பிறகு வறட்சி வந்தபோது மறுபடி புல் பக்கம். பனியுகத்தில் புல் ஜெயித்ததற்கு மழை குறைந்தது மட்டும் காரணமில்லை, காற்றிலேயே அப்போது கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துக்கு 190 பங்கு அளவில்தான் இருந்தது, அந்தப் பஞ்சத்தில் நம் ரூபிஸ்கோ இன்னும் அதிகமாகத் தப்புப் பண்ணும், உள்ளறை வைத்திருக்கிற புல்லுக்குத்தான் லாபம். (இன்றைக்கு அந்த அளவு 420ஐத் தாண்டிவிட்டது. இந்தச் சண்டையில் காற்று இப்போது மரத்தின் பக்கம்.)

கவனமாகச் சொல்ல வேண்டும், சதுப்பில் சி3 கோரையும் வளரும், அதனால் சி3 என்றாலே காடு என்று எழுதிவிட முடியாது. ஆனால் சி4 என்றால் புல்தான், சோலை மரம் எதற்கும் அந்தக் கையெழுத்து வராது. மலையில் யாரும் கோடரி தூக்குவதற்கு எத்தனையோ ஆயிரம் வருஷம் முன்பே அங்கே புல் இருந்திருக்கிறது. சோலையும் புல்லும் காலத்துக்கேற்ப முன்னே பின்னே நகர்ந்திருக்கின்றன, தீயும் மேய்ச்சலும் பிற்பாடு சேர்ந்துகொண்டன. காட்டை அழித்து வந்த புல் என்ற கதைக்கு அந்தச் சேற்றில் இடமில்லை.

இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு இன்று பணம் கேட்டுப் பாருங்கள். பழைய சேற்றைத் தோண்டி என்ன பயன், எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்பார்கள், ஆராய்ச்சி மாணவருக்கு வர வேண்டிய உதவித்தொகை மாசக்கணக்கில் தாமதமாகும். அதற்குள் சதுப்பை வடித்துக் கேரட் போட்டுவிடுவார்கள். நாற்பதாயிரம் வருஷத்துக் கணக்குப் புத்தகத்தைக் கிழித்துப் பஜ்ஜிக்குப் பொட்டலம் கட்டுவது போலத்தான் எனக்குப் படுகிறது.

இப்போது சீகைக்கு வருகிறேன். ஆஸ்திரேலிய மரம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகுக்காகக் கொண்டுவந்தார்கள், கூடவே கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ். சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடப் பட்டை வேண்டும், ஆலைக்குக் கூழ்மரம் வேண்டும் என்று அரசே மலை மலையாக நட்டது. இந்தச் சீகை வந்தது குளிர் தெரிந்த தேசத்திலிருந்து. பனி நம் நாற்றுகளுக்குப் போட்டுவைத்த வேலியை அது தாண்டிவிட்டது. போதாததற்கு வேர் முடிச்சில் தனக்கு வேண்டிய நைட்ரஜனைத் தானே செய்துகொள்கிறது, விதை வருஷக்கணக்கில் மண்ணுக்குள் காத்திருக்கிறது. நடுவதை நிறுத்தினாலும் அது தானாகப் பரவிக்கொண்டே இருக்கிறது. பழனிமலையில் செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பார்த்தபோது 1973க்கும் 2014க்கும் நடுவே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போயே போய்விட்டது. தோடர்கள் கோயில் கூரைக்குச் சதுப்போரத்துப் புல்லைத் தேடி இப்போது வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நம் நாட்டுக் கணக்கில் ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் பத்து சதவீதம் மரநிழல் இருந்தால் அது காட்டுப்பரப்பு, என்ன மரம் என்று கேட்பதில்லை. நெட்டைக்காலியின் வீட்டில் சீகை புகுந்தால் அறிக்கையில் காடு கூடியதாகத்தான் வரும்.

மரம் வந்தால் தண்ணீர் வரும் என்று எல்லா ஊரிலும் சுவரில் எழுதிவைத்திருக்கிறோம். பல்லி விழும் பலன் மாதிரி இதுவும் ஒரு நம்பிக்கை, இடம் பார்த்துத்தான் பலிக்கும். நீலகிரியில் கிளென்மார்கன் பக்கத்தில் புல்வெளி நீர்ப்பிடிப்பு ஒன்றில் கற்பூர மரம் நட்டு அளந்தார்கள். முதல் பத்து வருஷத்திலேயே ஓடி வரும் தண்ணீர் 16 சதவீதம் குறைந்தது. பைக்காரா, பவானி எல்லாம் இந்தப் புல்லில் ஊறித்தான் இறங்குகின்றன.

அப்படியென்றால் சீகையை எல்லாம் வெட்டித்தள்ளலாமா? அங்கேயும் அவசரப்படக்கூடாது. வெட்டிய இடத்தில் வெயில் பட்டதும் மண்ணுக்குள் இருக்கும் விதையெல்லாம் கீரைப்பாத்தி மாதிரி முளைக்கும், வருஷா வருஷம் திரும்பி வந்து பிடுங்க ஆளும் பணமும் இல்லையென்றால் முன்பைவிட மோசமாகிவிடும். பழைய சீகைத் தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாக வந்துகொண்டிருக்கின்றன, அவற்றை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. முதலில் மிச்சமிருக்கும் நல்ல புல்வெளியின் ஓரத்தில், இப்போதுதான் உள்ளே எட்டிப்பார்க்கும் இளஞ்சீகையைப் பிடுங்க வேண்டும். கைக்கு வரும் அளவில் இருக்கும்போதே. புல்வெளி அழிந்துபோன இடங்களில் உள்ளூர்ப் புல்லை நாற்றுவிட்டுக் கொத்துக் கொத்தாக நடுகிறார்கள், மெதுவான வேலை, போட்டோவுக்கும் நன்றாக இருக்காது.

ஆக டீச்சர், ஐந்நூறு கன்றையும் உடுமலையிலேயே பள்ளியைச் சுற்றியும் தெருவோரமும் நட்டுவிடுங்கள். பிள்ளைகளை நீலகிரிக்குக் கட்டாயம் அழைத்துப் போங்கள். வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கி, அவர்கள் காட்டுகிற இடத்தில் சீகை நாற்றைப் பிடுங்கச் சொல்லுங்கள், ஈரமண்ணில் வேரோடு வரும், நாற்பது பேர் ஒரு காலையில் நிறையப் பிடுங்கிவிடுவார்கள். கோடை விடுமுறையில் மட்டும் வேண்டாம். அப்போது நெட்டைக்காலி கூடு வைத்திருக்கும், கொத்துக்கு அடியில் இருக்கும் முட்டை நடக்கிற காலுக்குத் தெரியாது.