கணினி தானாகப் பேசினால் ஃபார்மேட் செய்யாதீர்கள்

போன வாரம் ஓர் அம்மா செந்தூலிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து, மடிக்கணினியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் நடத்தும் பழுதுபார்ப்புக் கடைக்கு வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. “கம்ப்யூட்டர் தானா பேசுது தம்பி. எதைத் தொட்டாலும் சொல்லுது. யாரோ உள்ளே புகுந்துட்டாங்க” என்றார். ஏற்கெனவே வேறொரு கடையில் காட்டியிருக்கிறார். அங்கே வைரஸ் என்று சொல்லி, ஃபார்மேட் செய்து, 180 வெள்ளி வாங்கியிருக்கிறார்கள். பேரனின் காதுகுத்துப் படங்கள் அத்தனையும் போயின. மறுநாள் காலையிலேயே குரல் திரும்பவும் வந்துவிட்டது.

மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினேன், குரல் நின்றது. “படத்தை மட்டுமாவது எடுத்துத் தர முடியுமா?” என்று கேட்டார். எஸ்எஸ்டி வட்டை அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றிய பிறகு பழைய படங்களை மீட்பது பெரும்பாலும் நடக்காது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று மாதத்தில் இது ஐந்தாவது. அதனால்தான் எழுதுகிறேன்.

அது வைரஸ் இல்லை. அதன் பெயர் நரேட்டர். திரையில் இருப்பதைப் பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான். விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே விண்டோஸோடு சேர்ந்து வருகிறது. யாரும் அதை உங்கள் கணினிக்குள் திருட்டுத்தனமாக ஏற்றவில்லை. யாரும் உங்களை ஒட்டுக் கேட்கவுமில்லை. சந்தேகம் இருந்தால் வைஃபையை அணைத்துப் பாருங்கள், அப்போதும் பேசும். மறுமுனையில் ஆள் இருந்தால் இணையம் இல்லாமல் எப்படிப் பேச முடியும்? வைரஸ் தடுப்பு மென்பொருளை எத்தனை முறை ஓட்டினாலும் அதில் எதுவும் சிக்காது, ஏனென்றால் சிக்குவதற்கு எதுவும் இல்லை. ஃபார்மேட் செய்தால் புது விண்டோஸோடு அதுவும் புதிதாக வந்து உட்காரும். அந்த அம்மாவுக்கு நடந்தது அதுதான். தினமும் காலையில் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஈரத்துணியால் கீபோர்டைத் துடைப்பது அவர் வழக்கம், அப்போது நரேட்டரைத் தொடக்கும் விசைகள் சேர்ந்து அழுந்தியிருக்கின்றன.

பேச்சை விட இதன் மற்ற அறிகுறிகள்தான் நிறையப் பேரைக் குழப்புகின்றன. நரேட்டர் பேசும்போது பாட்டு, வீடியோ எல்லாவற்றின் சத்தத்தையும் குறைத்துவிடும். உடனே ஸ்பீக்கர் போய்விட்டது என்று வருகிறார்கள். கேப்ஸ் லாக் விசையை அது தன் கட்டளைக்கு எடுத்துக்கொள்ளும், இருமுறை விரைவாகத் தட்டினால்தான் பெரிய எழுத்து வரும். இணையப் பக்கத்தில் ‘எச்’ தட்டினால் எழுத்து விழாமல் அடுத்த தலைப்புக்குத் தாவும். கீபோர்டு கெட்டுவிட்டதென்று புதியது வாங்கியவரையும் பார்த்திருக்கிறேன். வாங்கும் முன் திரையில் எங்காவது நீலக் கட்டம் நகர்கிறதா என்று பாருங்கள்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் விண்டோஸ் விசை, கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நின்றுவிடும். மேக் கணினியில் இதே வேலையைச் செய்வது வாய்ஸ்ஓவர். அதற்கு கமாண்ட், எஃப்5. மடிக்கணினியாக இருந்தால் எஃப்என் விசையும் தேவைப்படலாம். கணினியைத் திறக்கும்போதெல்லாம் பேசினால், செட்டிங்ஸில் அக்ஸசிபிலிட்டி (விண்டோஸ் 10-இல் ஈஸ் ஆஃப் அக்ஸஸ்), அதற்குள் நரேட்டர் என்று போய், உள்நுழைந்ததும் தொடங்கும்படி குறித்திருப்பதை எடுத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசி பேசினால் ஒலி கூட்டும், குறைக்கும் பொத்தான்கள் இரண்டையும் சில விநாடி சேர்த்துப் பிடித்துப் பாருங்கள்.

பதற்றத்தில் இணையத்தில் தேடி, ‘உதவி மையம்’ என்று வரும் எண்ணுக்கு மட்டும் தயவுசெய்து அழைக்காதீர்கள். தொலைவிலிருந்து கணினிக்குள் வர அனுமதி கேட்பார்கள், அப்புறம் வங்கிப் பக்கத்தைத் திறக்கச் சொல்வார்கள். அந்த அளவுக்குப் போய்ப் பணம் கைமாறிவிட்டால் உடனே வங்கிக்கும், மலேசியாவில் மோசடிப் புகார்களுக்கான 997 என்ற எண்ணுக்கும் அழையுங்கள்.

என்னைப் போலக் கடை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாடிக்கையாளர் இனித் திரும்பி வரக்கூடாது என்று சிலர் நரேட்டர் கோப்பின் பெயரையே மாற்றி அது திறக்காமல் செய்துவிடுகிறார்கள். சொந்தக் கணினியில் உரிமையாளர் கேட்டால் செட்டிங்ஸில் அந்த மூன்று விசைக் குறுக்குவழியை அணைத்தால் போதும். பலர் பயன்படுத்தும் கணினியில் அதுவும் கூடாது. 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இதே பிரிக்ஃபீல்ட்ஸில்தான் இருக்கிறது. வெள்ளைக்கோலோடு நடப்பவர்களைத் தினமும் பார்க்கிறோம். ஒரு பொதுக் கூடத்தில் படிவம் நிரப்பப் போன பார்வையற்ற இளைஞர் ஒருவர், அங்கிருந்த கணினியில் இந்த விசைகளை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, என் கடைக்கு வந்து நிரப்பினார். அங்கே நரேட்டரை யாரோ தடுத்து வைத்திருந்தார்கள்.

உங்கள் கோயில் அலுவலகத்திலோ பள்ளி நூலகத்திலோ பொதுக் கணினி இருந்தால் அந்த மூன்று விசைகளை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். குரல் வந்தால் அதே விசைகளால் அணைத்துவிட்டு வாருங்கள். வராவிட்டால் பொறுப்பாளரிடம் சொல்லித் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.