பத்திரமும் இருக்கு, ஓடையும் இருக்கு

பாளையங்கோட்டையில் வீட்டுக்கு ப்ளான் போட்டு, அப்ரூவல் வாங்கிக் கொடுக்கிற வேலையை இருபது வருஷத்துக்கு மேலாகச் செய்துகொண்டிருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் மனையை வாங்கி முடித்த பிறகுதான் வருகிறார்கள். கையில் பத்திரம், மனசில் வீடு. "அண்ணாச்சி, கிழக்குப் பாத்து வாசல், மாடியில ஒரு ரூம், அடுப்படி மட்டும் வாஸ்துப்படி இருக்கணும்" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். நான் சர்வே எண்ணைக் கேட்பேன். பத்திரத்தில் தேடுவார்கள். உட்பிரிவு எண் வரை சரியாகச் சொல்கிறவர் குறைவு.

2022-இல் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். 2014-இல் ஊருக்கு வெளியே ஒரு லேஅவுட்டில் ஐந்து சென்ட் வாங்கிப் போட்டிருக்கிறார். "பஞ்சாயத்து அப்ரூவல் உண்டு தம்பி, தலைவர் கையெழுத்து போட்ட மேப்பே இருக்கு" என்று ஒரு ஜெராக்ஸை விரித்தார். மனைகளுக்கு எண் போட்டு, நடுவில் பச்சைக் கட்டத்தில் 'பூங்கா' என்று எழுதிய படம். அது போதாது என்று சொல்ல மனசு வரவில்லை. புலப்படத்தை எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசலாம் சார் என்றேன்.

புலப்படம், அதாவது சர்வே எண்ணின் எல்லையையும் அளவையும் காட்டுகிற எஃப்எம்பி, அரசின் இ-சேவைத் தளத்தில் யாரும் எடுக்கலாம். பட்டாவும், எந்த எண் எந்த வகை நிலம் என்று சொல்கிற 'அ' பதிவேடும் அதே இடத்தில் கிடைக்கும். அவருடைய சர்வே எண்ணின் ஓரத்தில், வேறு ஒரு எண்ணில், இரட்டைக் கோடாக ஒன்று வளைந்து போனது. அந்த எண்ணை 'அ' பதிவேட்டில் போட்டால் 'அரசு புறம்போக்கு - ஓடை' என்று வந்தது. ஜெராக்ஸ் மேப்பில் அந்த இரட்டைக் கோடே இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் சாலை, பாதிப் பூங்கா, அப்புறம் சார் மனை.

மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு போனோம். செம்மண் அடித்து மட்டம் பண்ணிய இடம், சுற்றிலும் உடைமரம். எல்லைக்கல் ஒன்றைத் தேடிப் பிடிக்கவே அரைமணி நேரம் ஆனது. அதிலிருந்து அளந்து வந்தால், ஐந்து சென்டில் ஏறக்குறைய ஒன்றரை சென்ட் ஓடைக்குள் நிற்கிறது. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு தாத்தாவிடம், இங்கே தண்ணீர் போகுமா என்று கேட்டேன். "குளம் மறுகால் பாஞ்சா இதுவழியாத்தானய்யா போவும், வேற எங்க போவும்?" என்றார். சார் என் முகத்தைப் பார்க்காமல் உடைமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பதிஞ்சு குடுத்தாங்களே தம்பி?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பத்திரப் பதிவு என்பது இவர் அவருக்கு விற்றார் என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான். அந்த இடத்தில் வீடு கட்டலாமா என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது வேறு சட்டம். 1920-இல் வந்த சென்னை நகரத் திட்டச் சட்டத்தை எடுத்துவிட்டு, 1971-இல் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். எந்த நிலம் குடியிருப்பு, எது வயல், எது தொழில், சாலை எங்கே வரும் என்பதெல்லாம் அதன்கீழ் போடுகிற முழுமைத் திட்டத்தில் முடிவாகும். லேஅவுட்டுக்கு டிடிசிபி என்று நாம் சொல்கிற நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் வேண்டும். ஊராட்சித் தலைவர் தனியாகக் கையெழுத்துப் போட்டு மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்க முடியாது. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற சொல்லை நம்பி இந்த மாவட்டத்தில் எத்தனை குடும்பங்கள் சேமிப்பைப் போட்டிருக்கின்றன என்று நினைத்தால் வயிறு எரியும்.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உத்தரவு போட்டது பலருக்கு நினைவிருக்கும். பத்திர ஆபீஸ் வாசலே வெறிச்சோடிக் கிடந்தது. அப்படிப்பட்ட மனைகளைப் பதிய மறுக்கச் சொல்கிற பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அந்த அக்டோபர் 20-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. ஆனால், அதற்கு முன்பே வீட்டுமனையாகப் பதிவான இடத்தை மறுபடி விற்கலாம் என்று ஒரு விலக்கும் இருக்கிறது. பழைய மனையை இன்றைக்கு வாங்கினாலும் பத்திரம் பதிவாகிவிடும். 'பதிஞ்சுட்டாங்கல்லா' என்ற நிம்மதியும் வந்துவிடும். கட்டிட அனுமதிக்கு வரும்போதுதான் வரன்முறை செய்த ஆணை, அதாவது அங்கீகாரமில்லாத மனையை முறைப்படுத்திய ஆணை, எங்கே என்று கேட்பார்கள்.

அந்த வரன்முறைக்கு 2017-இல் தனி விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்குக் கட்டணம் கட்டி வரன்முறை செய்துகொள்ளலாம். எனக்கு இதில் இரண்டு மனசு உண்டு. ஏமாந்த ஏழைக்கு இது ஒரு கதவு, அதே சமயம் ஏமாற்றியவனுக்கு எந்த வலியும் இல்லை. காசு கட்டுகிறவர் வாங்கினவர். எப்படியானாலும் நீர்நிலையில் இருக்கும் மனைக்கு அந்தக் கதவும் கிடையாது. குளம், ஓடை, வாய்க்காலில் விழுகிற இடத்தை வரன்முறை செய்ய மாட்டார்கள். சார் விஷயம் அங்கேதான் முட்டியது.

இந்த ஊரில் நீர்நிலை என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தாமிரபரணி ஆறாக மட்டும் ஓடவில்லை. அரியநாயகிபுரம் அணைக்கட்டிலிருந்து கோடகன் கால்வாய், பழவூரிலிருந்து பாளையங்கால்வாய், சுத்தமல்லியிலிருந்து நெல்லைக் கால்வாய் என்று கைவிரல் மாதிரிப் பிரிந்து போகிறது. ஒவ்வொரு கால்வாயிலும் குளம், குளத்துக்கு மடை, நிறைந்தால் மறுகால், மறுகால் தண்ணீர் அடுத்த குளத்துக்கு. டவுனில் நயினார்குளம், பாளையில் மூளிக்குளம், இலந்தைகுளம். புதுப் பேருந்து நிலையத்தின் பேரிலேயே வேய்ந்தான்குளம் இருக்கிறது. பெயரைக் கேட்டாலே பாதி வரைபடம் தெரிந்துவிடும். ஊர்ப் பெயர் குளம், ஏரி, மடை என்று முடிந்தால் நான் முதலில் புலப்படத்தைத்தான் எடுப்பேன், வாஸ்துவெல்லாம் அப்புறம்.

குளங்களைக் காக்க 2007-இல் தனிச் சட்டமே வந்தது, நீர்வள ஆதாரத் துறையின் ஏரி, குளங்களில் ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கு. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், வீட்டை இடிக்கும் முன் 15 நாள் நோட்டீஸ் கட்டாயம் என்று தீர்ப்புச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதே தீர்ப்பில், சாலை, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் கட்டியதற்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்றும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் முதல் பாதி மட்டும்தான் சுற்றுகிறது.

மனை வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுகிற இன்னோர் இடம் பூங்கா. லேஅவுட் 3,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், சாலை போக மீதிப் பரப்பில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். ஓஎஸ்ஆர் என்று சொல்வார்கள். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் இடமாகத்தான் கொடுக்க வேண்டும், அதற்குப் பதில் பணம் கட்டித் தப்பிக்க முடியாது. சாலைகளையும் அந்தத் திறந்தவெளியையும் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகுதான் அப்ரூவல் முழுமையாகும். பூங்காவாகக் காட்டிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று பெங்களூரு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. அதனால் புரோக்கரிடம் கேட்க வேண்டியது, "பூங்கா எங்கே இருக்கு" என்பதில்லை. தானப்பத்திர எண்ணைக் கேளுங்கள். வில்லங்கம் போட்டுப் பார்த்தால் அது வர வேண்டும். வரவில்லை என்றால், அந்தப் பச்சைக் கட்டம் நாலு வருஷம் கழித்து ஏழு மனையாக விலைக்கு வரலாம். நான் பார்த்திருக்கிறேன்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவோ, எட்டு வீட்டுக்கு மேற்பட்ட அடுக்குமாடியோ என்றால் ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவும் வேண்டும். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அது. வாங்குகிறவர்களிடம் வசூலிக்கிற பணத்தில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கென்றே தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்பது அதன் முக்கியமான பிடி. பதிவு எண் விளம்பரத்திலேயே இருக்க வேண்டும். ரெட்டியார்பட்டி ரோட்டிலும் திருச்செந்தூர் ரோட்டிலும் நிற்கிற போர்டுகளை ஒருநாள் வண்டியை ஓரம் கட்டிப் படித்துப் பாருங்கள்.

நெல்வயலை மனையாக்குவது தனிக் கதை. முழுமைத் திட்டத்துக்குள் வராத ஊர்களில் விவசாய நிலத்தின் பயன்பாட்டை மாற்ற 2017-இல் விதிகள் வந்தன. நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும். திருநெல்வேலி என்ற பேரிலேயே நெல்லுக்கு வேலி போட்டிருக்கிறோம், நடைமுறையில் வேலி எங்கே இருக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, மனை எல்லாம் சுத்தம் என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு கட்டலாம்? தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள், 2019 இதற்குப் பதில் சொல்கிறது. மாநகராட்சிக்கு ஒன்று, பேரூராட்சிக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்த விதிகளை ஒன்றாக்கியது பெரிய உபகாரம். சாதாரண உயரக் கட்டிடத்துக்குத் தளப்பரப்பு மனைப்பரப்பைப் போல இரண்டு மடங்கு வரை போகலாம். ஐந்து சென்ட் என்றால் 2,178 சதுர அடி. இரண்டு மடங்கு 4,356. உடனே அவ்வளவையும் கட்டிவிட முடியாது, சுற்றிலும் செட்பேக், அதாவது காலியிடம், விட வேண்டும். முன்பக்கம் விட வேண்டியது தெருவின் அகலத்தைப் பொறுத்தது. செட்பேக் என்றதும் "இடத்தை வீணாக்கச் சொல்லுதீங்களே" என்று கோபப்படாதவர் இல்லை. தீ பிடித்தால் உள்ளே வர வழி வேண்டும், பக்கத்து வீட்டுக்கு வெளிச்சம் வேண்டும், நம் கழிவுநீர்த் தொட்டிக்கும் மழைநீர்க் குழிக்கும் இடம் வேண்டும். மழைநீர் சேகரிப்பு 2003-இலிருந்து கட்டாயம். நெல்லையப்பர் கோவிலைச் சுற்றி ரத வீதிகளுக்கு அகலம் விட்டவர்கள் ஆனித் தேர் திரும்ப வேண்டுமே என்று யோசித்திருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் திரும்புவதற்கு நாம் யோசிக்கக் கூடாதா?

2024 ஜூலையிலிருந்து சின்ன வீடுகளுக்குச் சுயசான்று முறை வந்திருக்கிறது. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டிடம், தொடங்கியபோது தரைத்தளமும் ஒரு மாடியும். ஒற்றைச்சாளரத் தளத்தில் ஆவணங்களை ஏற்றிக் கட்டணம் கட்டினால் உடனே அனுமதி. யாரும் வந்து பார்க்க மாட்டார்கள். மேலே சொன்ன ஐந்து சென்ட்காரருக்கு விதிப்படி 4,356 வரை கணக்கு வந்தாலும், இந்த வழியில் போனால் 3,500-தான். பலருக்கு அதுவே தாராளம். அலைச்சல் மிச்சம், மேசைக்கு மேசை போகிற கதை இல்லை, எனக்கும் சந்தோஷம்தான். ஒரு பயமும் உண்டு. வந்து பார்க்க ஆளில்லை என்றால், ஓடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர் நீங்கள்தான். தப்பான தகவல் கொடுத்து வாங்கிய அனுமதியை ரத்து செய்யலாம். கம்ப்யூட்டர் அனுமதி கொடுத்துவிட்டது என்று அப்போது சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அனுமதி வாங்கியபடி கட்டுவதும் அதே அளவு முக்கியம். விதிமீறிய கட்டிடத்துக்கு வேலையை நிறுத்தவும், பூட்டி சீல் வைக்கவும் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 56, 57 பிரிவுகள் இடம் கொடுக்கின்றன. அதிகாரிகள் வருஷக்கணக்காகச் சும்மா இருந்தார்கள் என்பது விதிமீறலை நியாயமாக்காது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டிமுடிப்புச் சான்றைச் சரிபார்த்த பிறகே வங்கிகள் கடன் கொடுக்க வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

சட்டம் எப்போதும் கையைக் கட்டத்தான் வருகிறது என்று நினைக்க வேண்டாம். உங்கள் இடத்தில் சாலை வரப்போகிறது என்று திட்டத்தில் கோடு போட்டுவிட்டு வருஷக்கணக்காக ஒன்றும் செய்யாமல் இருந்தால், அதே 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38-ஆம் பிரிவைப் பாருங்கள். உரிய அறிவிப்பு வெளியாகி மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்தும் நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகக் கொள்ள வேண்டும். இது தெரியாமல் அப்பா காலத்திலிருந்து அந்த ஓரத்தில் ஒரு செங்கல் வைக்காமல் இருக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

அதே மாதிரி, முழுமைத் திட்டத்தின் வரைவை வெளியிட்டு, மக்களின் ஆட்சேபம் கேட்டுக் குறைந்தது இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. 1992-ஆம் ஆண்டு 74-வது அரசியல் சட்டத் திருத்தம் உள்ளாட்சிகளுக்கென்று போட்ட 18 வேலைப் பட்டியலில் முதலாவதே நகரத் திட்டமிடல்தான். நம்ம மாநகராட்சி 1994-இல் பாளை, மேலப்பாளையம், தச்சநல்லூரையெல்லாம் சேர்த்து உருவானது, இப்போது 55 வார்டு. வார்டுக்கூட்டத்தில் தெருவிளக்கு, குடிதண்ணீர் எல்லாம் கேட்கிறோம். நம்ம தெரு வரைவுத் திட்டத்தில் என்ன நிறம் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

சார் கதையை முடிக்கவில்லையே. என்மேல் அவருக்கு வருத்தம். வேறு யாரிடமோ ப்ளான் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பேய்மழை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். இங்கே ஜங்ஷன் தண்ணீருக்குள் நின்றது. மூன்றாம் நாள் சார் போன் பண்ணினார். "தம்பி, அந்த ஓடை எங்கன்னு கேட்டீகல்லா, வந்து பாருங்க." போனேன். செம்மண்ணை அறுத்துக்கொண்டு, புலப்படத்தில் இருந்த அதே வளைவில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. எல்லைக்கல் மட்டும் நட்டமாக நின்றது.

இப்போது அவர் மகளுக்கு மனை பார்க்கிறார்கள். போன வாரம் ஒரு விளம்பரத்தை எனக்கு அனுப்பினார். 'டிடிசிபி அப்ரூவ்டு, நாலு வழிச்சாலைக்கு அருகில், முந்துவோருக்குத் தங்கக் காசு.' மேப் இருந்தது, சர்வே எண் இல்லை. புரோக்கரிடம் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.