ரெட்கான்: முன்கதைத் திருத்தம்

புதிய எபிசோடில் வெளியாகும் ஒரு செய்தி, பழைய எபிசோடுகளில் நாம் பார்த்தவற்றின் பொருளையே மாற்றிவிடுவதுண்டு. அறிபுனைத் தொடர் ரசிகர்கள் இதை 'ரெட்கான்' என்பார்கள். 'ரெட்ரோஆக்டிவ் கன்டின்யூட்டி' என்பதன் சுருக்கம் இது. முதல் சொல்லுக்கு, முன்தேதியிலிருந்தே செல்லுபடியாவது என்று பொருள், இரண்டாவது, கதைத்தொடர்ச்சி. 1973-இல் இறையியல் நூல் ஒன்றில் தென்பட்ட இத்தொடரை, 1983-இல் 'ஆல்-ஸ்டார் ஸ்குவாட்ரன்' காமிக்ஸின் வாசகர் கடிதப் பகுதியில் அதன் எழுத்தாளர் ராய் தாமஸ் எடுத்தாண்டார். 1980களின் கடைசியில் அது இரண்டு அசையாகச் சுருங்கியது.

'ஸ்டார் டிரெக்' என்ற விண்வெளித் தொடரில் வரும் வேற்றுக்கிரக இனத்தாரான கிளிங்கான்களைப் பாருங்கள். 1966-69 தொடரில் அவர்களுக்கு நம்மைப் போலவே வழவழப்பான நெற்றி. 1979 திரைப்படத்தில் திடீரென்று எலும்பு மேடுகள் முளைத்தன. 1996-இல் அதன் கிளைத்தொடரான 'டீப் ஸ்பேஸ் நைன்' குழுவினர் காலத்தில் பின்னே போய்ப் பழைய கிளிங்கான்களையே நேரில் பார்க்கிறார்கள். காரணம் கேட்டால், வெளியாரிடம் அதைப் பேசுவதில்லை என்கிறான் அக்குழுவிலுள்ள கிளிங்கான் வோர்ஃப். 2005-இல் 'என்டர்பிரைஸ்' என்ற இன்னொரு கிளைத்தொடரின் இரண்டு எபிசோடுகள் விடை தந்தன: மேம்படுத்தப்பட்ட மனித மரபணுவைத் தம் வீரர்களுக்கு ஏற்றப்போய்க் கொள்ளைநோய் பரவியது, மருந்து உயிரைக் காத்தது, நெற்றி மேடு போய்விட்டது. பழைய காட்சி எதையும் பொய்யாக்காமல் காரணத்தை மட்டும் சேர்த்த, நேர்த்தியான ரெட்கான் இது.

தொடர்ச்சிப் பிழை வேறு. 1966 ஸ்டார் டிரெக் எபிசோடு ஒன்றில் கல்லறைக் கல்லில் கப்பல் தலைவரின் பெயர் 'ஜேம்ஸ் ஆர். கிர்க்' என்றிருக்கும், பிறகு அவர் என்றைக்கும் 'ஜேம்ஸ் டி. கிர்க்'தான். அது வெறும் கவனக்குறைவு.

அதிகம் குழப்புவது 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் தொடர். அதன் நாயகர் டாக்டர், சாகும் தறுவாயில் புது உடலில் மறுபிறப்பெடுக்கும் 'டைம் லார்டு' இனத்தவர். டைம் லார்டுக்குப் பன்னிரண்டு மறுபிறப்புகளே என்ற வரம்பு 1976-இல் வந்தது. 2013-இல் டாக்டருக்குப் புதிய மறுபிறப்புச் சுற்று வழங்கப்பட்டதைப் பலர் ரெட்கான் என்கிறார்கள். அது தவறு, அன்று கதைக்குள் நடந்த புது நிகழ்ச்சி அது, கடந்தகாலம் அப்படியே இருக்கிறது. 2020-இல், முதல் டாக்டருக்கு முன்பே அவருக்குப் பல பிறவிகள் இருந்தன என்றார்களே, அதுதான் ரெட்கான். மாறியது கடந்தகாலமா, இனி வரப்போவதா என்று பார்த்தால் போதும்.

தமிழில் 'பின்னோக்குத் தொடர்ச்சி' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஒன்றும் விளங்காது. தொடர்கதை படித்தவர்களுக்கு 'முன்கதைச் சுருக்கம்' பழகிய சொல். அதே வார்ப்பில் 'முன்கதைத் திருத்தம்' என்பதே பொருந்தும். 'முன்கதையைத் திருத்திவிட்டார்கள்' என்று வினையாகவும் இயல்பாக வரும்.